போடிப் பக்கத்து ரெகுலேட்டர்

போடிநாயக்கனூரில் வியாபாரி ஐசக்கின் கையை நம்பாத தோட்டக்காரர் கிடையாது. ஏலக்காயை ஒரு கை அள்ளி உள்ளங்கையில் உருட்டுவார்; இது முதல் தரம், இதில் போன வருடச் சரக்கு கலந்திருக்கிறது, இது சரியாகக் காயவில்லை என்று அங்கேயே சொல்லிவிடுவார். அந்தக் கைதான் சித்திரை மாதத்தில் ஆட ஆரம்பித்தது. முதலில் கட்டைவிரல் மட்டும், பிறகு மணிக்கட்டு வரை. உருட்டிய காய்கள் துள்ளித் தரையில் விழுந்தன. எதிரில் நின்ற ஒரு தோட்டக்காரர், மனுஷன் விலைக்குத் தயங்குகிறார் என்று நினைத்துத் தானாகவே கொஞ்சம் இறங்கி வந்தார். அந்த ஒன்றைத் தவிர நடுக்கத்தால் ஐசக்குக்கு எந்த நன்மையும் விளையவில்லை.

மனைவி ஷீலா அவரை மதுரைக்கு இழுத்துக்கொண்டு போய் நரம்பு டாக்டரிடம் காட்டினாள். டாக்டர் காகிதத்தில் வட்டம் வரையச் சொன்னார், நடந்து காட்டச் சொன்னார். மாத்திரை எழுதிக் கொடுத்து, ஜீப் ஓட்டுவதை நிறுத்துங்கள் என்றார். சில மாதம் கழித்து வந்து கை எப்படி இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள், அதைப் பொறுத்து மாத்திரையைக் கூட்டலாம் என்றார். ஐசக் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் காகித வட்டத்தை நம்பித் தன் கையை எடைபோட அவர் தயாராக இல்லை. அதற்கு அவரிடம் ரயில் இருந்தது.

கடைக்கு மேல்மாடியில், ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே, போடியிலிருந்து மதுரை வரைக்குமான ரயில் பாதை முழுவதும் பொம்மை அளவில் பலகை மேல் கிடந்தது. உண்மையான ரயில் நின்றுபோய் அகலப்பாதை வேலை நடந்த வருடங்களில் ஐசக்கும் முத்துக்கிருஷ்ணனும் சேர்ந்து போட்டது அது. முத்துக்கிருஷ்ணனுக்கு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எலக்ட்ரானிக் தராசு ரிப்பேர் பார்க்கும் கடை. ஊரில் உள்ள ஏலக்காய்க் கடைத் தராசுகளில் பாதிக்கு மேல் அவன் கைபட்டவைதான். ஒரு கிராம் தப்பாகக் காட்டும் தராசை அவன் கடையைவிட்டு வெளியே அனுப்பமாட்டான். சின்ன வயதிலிருந்தே ஐசக்குக்கு அவன் மாப்ளே, அவனுக்கு ஐசக் மச்சான். சாதியும் மதமும் வேறாக இருந்தாலும் வாயில் ஏறிய உறவு இறங்கவில்லை.

எஞ்சின்கள் ஐந்து. எல்லாம் பழைய மாடல். ஐசக்கின் மைத்துனர் வெளிநாட்டிலிருந்து வரும்போதெல்லாம் செகண்ட்ஹேண்டில் வாங்கி வந்தவை. தண்டவாளத்தில் கரண்டைக் கூட்டினால் வேகமாக ஓடும், குறைத்தால் நிற்கும், அவ்வளவுதான் அவற்றுக்குத் தெரியும். கரண்டைக் கூட்டிக் குறைக்க இரண்டு ரெகுலேட்டர்கள். மதுரையிலிருந்து ஆண்டிபட்டிக் கணவாய் வரை முத்துக்கிருஷ்ணன் கையில், கணவாயிலிருந்து போடி வரை ஐசக் கையில். இரண்டு பக்கத்துக் கரண்டும் சேராதபடி கணவாயில் தண்டவாளத்தை அறுத்து ஒரு மயிரிழை இடைவெளி விட்டிருந்தார்கள். ரயில் அதைத் தாண்டும் நொடியில் இரண்டு பேரும் ஒரே அளவில் வைத்திருக்க வேண்டும். ஒருவர் கூட்டி ஒருவர் குறைத்து வைத்தால் எஞ்சின் குதிக்கும். பத்து வருடத்துக்கு மேலாக, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் இருவரும் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து, நடுவில் நிற்கும் பேப்பர்க்கூழ் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ரயிலைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். பேசவே வேண்டியதில்லை. ரயில் வரும் வேகத்தைப் பார்த்தே இவர் கை எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், அவன் கை எங்கே என்று இவருக்குத் தெரியும்.

நடுக்கம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே டிஜிட்டல் பேச்சை எடுத்தவன் முத்துக்கிருஷ்ணன்தான். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் டீகோடர் என்று ஒரு சின்ன சர்க்யூட்டை மாட்டிவிடலாம், நல்ல பருத்த ஏலக்காய் அளவுதான் இருக்கும் என்றான். தண்டவாளத்தில் எப்போதும் ஒரே கரண்டு ஓடும்; எஞ்சினுக்கு ஒரு நம்பர் கொடுத்து, போனிலிருந்து அந்த நம்பரைக் கூப்பிட்டுப் போ என்றால் போகும், நில் என்றால் நிற்கும். பழைய எஞ்சினில் மோட்டார் அடிச்சட்டத்தோடு ஒட்டியிருக்கும், அதைப் பிரித்துவிட்டு மாட்டாவிட்டால் டீகோடர் கருகிவிடும், அந்த வேலையும் தனக்குத் தெரியும் என்றான். கணவாயில் கைமாற்றும் தொல்லையே இருக்காது, ஒரே ஆள் போதும் என்று முடித்தான்.

“ஒரே ஆளு போதும்னா, அந்த ஆளு யாரு மாப்ளே? நீயா, நானா?” என்று ஐசக் கேட்டார்.

முத்துக்கிருஷ்ணன் சிரித்துவிட்டான். ஐசக் சிரிக்கவில்லை. “என் கை ஓட்டுற வரைக்கும் ஓட்டட்டும். முடியலைன்னா நானே உன்கிட்டச் சொல்றேன், அன்னைக்கு மாட்டு. நான் சொல்லாம நீ மாட்டக்கூடாது” என்று கையை நீட்டினார். முத்துக்கிருஷ்ணன் அந்தக் கைமேல் அடித்துச் சத்தியம் செய்தான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று ஐசக் நிம்மதியாக இருந்தார்.

பிறகுதான் கை ஆடத் தொடங்கியது. கணவாயில் எஞ்சின் குதித்தது. ஒரு ஞாயிறு இரண்டு தடவை, மறு ஞாயிறு வந்த ரயில் எல்லாம். ஒருநாள் கறுப்பு எஞ்சின் பாலத்திலிருந்து தலைகுப்புறத் தரையில் விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டது. ஐசக் அதைக் கையில் எடுத்து, உடைந்த மூக்கைத் தடவித் தடவிப் பார்த்தார். டாக்டரின் காகிதத்தில் கோணிப்போன வட்டத்துக்கு அசையாத மனுஷன் இதற்குக் கலங்கிப்போனார். ஆனாலும் முடியவில்லை என்று முத்துக்கிருஷ்ணனிடம் சொல்லவில்லை. மாத்திரை வேலை செய்ய நாளாகும், பார்ப்போம் என்றார்.

மழைக்காலத்தில் மலையில் காய் பறிப்பு மும்முரமாக இருந்தது. ஐசக்குக்கு மாடிப்படி ஏற நேரமில்லை. அந்தச் சமயத்தில் முத்துக்கிருஷ்ணன் வந்து, எஞ்சினெல்லாம் சர்வீஸ் பார்க்க வேண்டும், கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது, எண்ணெய் விட வேண்டும் என்று சொல்லி ஐந்தையும் ஒரு செருப்புப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனான். திரும்பக் கொண்டுவந்தபோது பலகைக்கு அடியில் ஒரு புதுப் பெட்டியையும் மாட்டினான். கரண்டு ஏறி இறங்குது மச்சான், ஸ்டெபிலைசர் என்றான்.

அடுத்த ஞாயிறு ரயில் கணவாயைத் தாண்டிய அழகைச் சொல்லி முடியாது. ஒரு குதிப்பு இல்லை, ஒரு திணறல் இல்லை. போடி ஸ்டேஷனில் வந்து நின்றபோது கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தின் விளிம்பில் கச்சிதமாக இருந்தது. ஐசக் எழுந்து நின்றுவிட்டார். வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கை என்னவோ ஆடிக்கொண்டுதான் இருந்தது. ரெகுலேட்டரைப் பிடிக்கும்போது மட்டும் நிதானத்துக்கு வந்துவிடுகிறது, மற்ற நேரத்து ஆட்டமும் போகப்போகச் சரியாகிவிடும் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார்.

“மாத்திரை கேட்குது மாப்ளே” என்றார்.

“கேட்கும் மச்சான், கேட்காம எங்க போகும்” என்றான் முத்துக்கிருஷ்ணன்.

அன்று ஐசக்குக்குத் தலைகால் புரியவில்லை. கீழே இறங்கி வந்து ஷீலாவிடம் சொன்னார். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, நல்லதுங்க, கர்த்தர் கண் திறந்துட்டார் என்றாள். மதுரைக்குப் போனபோது டாக்டரிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, முக்கால்வாசி சரியாகிவிட்டது என்றார். டாக்டரும் சந்தோஷப்பட்டு மாத்திரையைக் கூட்டாமல் விட்டார். ஜீப் ஓட்டலாமா என்று ஐசக் அவரிடம் கேட்கவில்லை. கணவாயில் ரயிலைக் கைமாற்றும் கைக்கு ஜீப் என்ன பெரிய விஷயம் என்று நினைத்துவிட்டார்.

அடுத்த வாரமே சரக்கு ஏற்ற மலைமேல் போடிமெட்டுக்கு ஜீப்பைத் தானே எடுத்தார். டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஷீலா கெஞ்சினாள். முத்துக்கிருஷ்ணனும் வந்து, ஒரு டிரைவர வச்சுக்க மச்சான், வயசாச்சுல்ல என்றான். எனக்கு வயதாகிவிட்டதா, ஞாயிற்றுக்கிழமை பார்த்தாயல்லவா என்று ஐசக் அவன் முதுகில் தட்டிச் சிரித்தார். அவனும் கூடச் சிரித்தான்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு பகல், மெட்டிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு இறங்கும்போது குருவம்மாள் கைகாட்டினாள். போடிக்குப் பக்கத்துச் சிலமலை ஊர்க்காரி, மேலே ஒரு எஸ்டேட்டில் காய் பறிப்பவள். மத்தியானமே காய்ச்சல் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தாள். ஐசக் அவளை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் ஸ்டீரிங் சட்டென்று ஒரு வெட்டு வெட்டியது. ஜீப் போய்த் தடுப்புச் சுவரில் இடித்து நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் காற்றுதான். ஐசக்குக்குக் கீறல்கூட இல்லை. குருவம்மாளுக்கு வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. காய் பறிக்கும் கை.

ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் ஐசக்கே பார்த்துக்கொண்டார். ஸ்டீரிங் கோளாறு என்று எல்லாரிடமும் சொன்னார், தானும் அதையே நம்பினார். போடி மெக்கானிக் ஜீப்பை அக்கக்காகக் கழற்றிப் பார்த்துவிட்டு, ஸ்டீரிங்ல ஒண்ணுமில்லையேண்ணே என்றான். தொழில் தெரியாத பயல் என்று அவனை ஏசிவிட்டு ஐசக் தேனிக்கு வண்டியைக் கொண்டுபோனார். அங்கேயும் அதே பதில்தான். திரும்பி வந்து ஷீலாவிடமும் முத்துக்கிருஷ்ணனிடமும், இந்த ஜில்லாவிலேயே ஒரு நல்ல மெக்கானிக் இல்லை என்று புலம்பினார். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை அன்றைக்கு ஐசக்குக்கு உறைக்கவில்லை.

உறைத்தது அதற்கடுத்த ஞாயிறு. மதுரை ரயில் கணவாயைத் தாண்டி இவர் பக்கம் வந்துவிட்டது. தேனியையும் தாண்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு தோட்டக்காரர் போன் பண்ணினார். ஐசக் ரெகுலேட்டரிலிருந்து கையை எடுத்து, சட்டைப் பையிலிருந்த போனை எடுத்தார். சரக்கு எப்போது இறங்குகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே திக்கென்றது. ரயிலை யார் குறைப்பது? அப்படியே விட்டால் போடி ஸ்டேஷன் முனையில் மோதிக் கவிழுமே.

பதறித் திரும்பினார். ரயில் வேகம் குறைந்து, மெல்ல ஊர்ந்து வந்து, வழக்கமான இடத்தில் வழக்கம்போல நின்றது. கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தின் விளிம்பில் கச்சிதமாக இருந்தது. ரெகுலேட்டரின் முள் பாதி அளவில் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

மலைக்கு அந்தப் பக்கம் முத்துக்கிருஷ்ணனின் தலை மட்டும் தெரிந்தது. குனிந்திருந்தான். இரண்டு கையும் பலகைக்குக் கீழே இருந்தன. ஐசக்கின் கை ரெகுலேட்டரில் இருக்கிறதா இல்லையா என்று நிமிர்ந்து பார்க்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் என்ன? இந்தக் கை எங்கே கூட்டும், எங்கே குறைக்கும் என்று இத்தனை வருடமாக எதிரே உட்கார்ந்து மனப்பாடம் செய்தவன் அல்லவா.

ஐசக் போனை வைத்தார். அடுத்த ரயிலுக்கு முள்ளை வேண்டுமென்றே முழுதாகக் கூட்டினார். ரயில் நிதானமாக வந்து நின்றது. அதற்கடுத்த ரயிலுக்கு அடியோடு அணைத்தார். அதுவும் நிதானமாக வந்து நின்றது. இன்னைக்கு அருமையா ஓட்டுன மச்சான் என்று சொல்லிவிட்டு முத்துக்கிருஷ்ணன் சாப்பிடக் கிளம்பினான்.

அவன் போனதும் ஐசக் கறுப்பு எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினார். ஆடுகிற கையால் அதைக் கழற்றவே பெரும்பாடாக இருந்தது. உள்ளே டீகோடர் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் மஞ்சள் டேப், சிவப்பும் கறுப்பும் ஆரஞ்சுமாக மெல்லிய ஒயர்கள், மோட்டாருக்கும் சட்டத்துக்கும் நடுவே சீராக வெட்டிச் செருகிய பிளாஸ்டிக் துண்டு. அவ்வளவு சுத்தமான வேலை. மற்ற நான்கையும் திறந்தார். நான்கிலும் அதேதான். ரெகுலேட்டரைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அதிலுள்ள சின்ன விளக்கு எரிய மட்டும் ஒரு ஒயர் விட்டு, மிச்சத்தைத் துண்டித்து முனையில் ஒழுங்காக டேப் ஒட்டியிருந்தான். நல்ல முறையாகத்தான் காதில் பூச்சுற்றியிருக்கிறான் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது.

ஷீலா சாப்பிடக் கூப்பிட மாடிக்கு வந்தாள். திறந்து கிடந்த எஞ்சின்களைப் பார்த்தாள். இதெல்லாம் என்ன என்று அவள் கேட்டிருந்தால்கூட ஐசக்குக்குப் பாதி உயிர் மிஞ்சியிருக்கும்.

“யாரு சொன்னா உங்ககிட்ட?” என்று கேட்டாள்.

ஐசக் திறந்த எஞ்சினை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் மூட்டைமேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். எஞ்சின் விழுந்த அன்று இவர் முகத்தைப் பார்த்துவிட்டு முத்துக்கிருஷ்ண அண்ணன் கீழே கடைக்கு வந்து தன்னிடம் அழுததையும், இவர் சந்தோஷமாக இருக்கட்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்ததையும் சொன்னாள். ஜீப்பை எடுப்பார் என்று கனவிலும் நினைக்கவில்லை. எடுத்த பிறகு சொல்லப் பயந்துவிட்டார்கள். குருவம்மாள் கை ஒடிந்த பிறகு இன்னும் பயம். உங்க நல்லதுக்குத்தாங்க என்றாள்.

ஐசக்குக்கு அவள் சொன்னதில் பாதி காதில் ஏறவில்லை. மூன்றாவது வளைவுதான் மனதில் ஓடியது. வெட்டியது ஸ்டீரிங் இல்லை. இரண்டு மெக்கானிக்குகளுக்கும் தொழில் நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஊரில் எல்லாருக்கும் எல்லாமும் சரியாகத் தெரிந்திருக்கிறது, கைக்கு உடையவனைத் தவிர. தன் கை போய்விட்டது என்று சொல்லும் ஒரே ஒரு உரிமையைத்தான் அவர் கேட்டு வைத்திருந்தார். கைமேல் அடித்துச் சத்தியமும் வாங்கியிருந்தார்.

“இத்தனை நாளு அவனுக்காக ஒரு விஷயத்தை மறைச்ச. இப்ப எனக்காக ஒண்ண மறை” என்று மட்டும் ஷீலாவிடம் சொன்னார். எஞ்சின்களை மூடியது அவள்தான். அவர் கையால் முடியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு தெருப் பிள்ளைகளுக்கு ரயில் காட்டுவது அவர்கள் வழக்கம். பக்கத்துக் கடைக்காரர்களும் வந்து கேக் தின்றுவிட்டுப் போவார்கள். அன்று காலையிலேயே ஐசக் சிலமலைக்கு ஆட்டோ அனுப்பிக் குருவம்மாளை வரவழைத்திருந்தார். மாவுக்கட்டுக் கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் போட்டுக்கொண்டு அவள் கூச்சத்தோடு படியேறி வந்தாள். ஐசக் அவளைத் தன் நாற்காலியில், போடிப் பக்கத்து ரெகுலேட்டருக்கு முன்னால் உட்காரவைத்தார்.

“அவுகள எதுக்கு மச்சான்? நீ ஓட்டு” என்றான் முத்துக்கிருஷ்ணன், மதுரைப் பக்கத்திலிருந்து.

“என் கைதான் நல்லாயிருச்சே. இன்னைக்கு ஒருநாள் லீவு குடுப்போம்” என்றார் ஐசக். குருவம்மாளிடம் திரும்பி, “இதைத் திருப்புனா ரயில் போகும், கொறச்சா நிக்கும். போடி ஸ்டேஷன்ல நிப்பாட்டணும் ஆத்தா, அம்புட்டுத்தான் சோலி” என்றார்.

முத்துக்கிருஷ்ணன் ஷீலாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் ரயிலை விடச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள். விடாமல் இருக்க அவனிடம் ஒரு காரணமும் இல்லை. அவன் கைகள் பலகைக்குக் கீழே போயின. ரயில் மதுரையைவிட்டுக் கிளம்பியது.

கணவாயை அலுங்காமல் தாண்டியது. ஆண்டிபட்டி போனது, தேனி போனது. குருவம்மாள் பயந்துபோய் ரெகுலேட்டரைத் தொடவே இல்லை. இடது கையை மடியிலேயே வைத்துக்கொண்டு ரயிலையே பார்த்தாள். ரயில் போடி ஸ்டேஷனுக்குள் ஊர்ந்து வந்து, கடைசிப் பெட்டி விளிம்பில் கச்சிதமாக இருக்க, நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

“நான் தொடவே இல்லையே மொதலாளி. அதுவா வருது, அதுவா நிக்குது” என்றாள் குருவம்மாள்.

“இதைச் சொல்ல எங்க வீட்டுல ஒரு வாய் இல்லாமப் போச்சு ஆத்தா” என்றார் ஐசக். “நானும் இப்பிடித்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன். என் கை தேறிருச்சுன்னு நம்பி உங்கள ஜீப்புல ஏத்துனேன். உங்க கைய ஒடிச்சது ஸ்டீரிங் இல்ல, இந்தக் கைதான்.”

குருவம்மாள் அவரையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். முத்துக்கிருஷ்ணன் எழுந்து வந்தான். போன் இன்னும் அவன் கையில் இருந்தது.

“உன் மூஞ்சியப் பார்க்க முடியல மச்சான். அதான் செஞ்சேன்.”

“ஊரு தராசு ஒரு கிராம் தப்பாக் காட்டுனா வெளிய விடமாட்ட” என்றார் ஐசக். குரல் உயரவில்லை. “என்கிட்ட இருந்தது இந்த ஒரு தராசுதான் மாப்ளே. அதுல கைய வச்சிட்டியே.”

ஐசக் சட்டைப் பையிலிருந்து ஜீப் சாவியை எடுத்து ஷீலாவின் கையில் கொடுத்தார். சாவி கிலுகிலுவென்று ஆடியதை எல்லாரும் பார்த்தார்கள். குருவம்மாளைக் கைத்தாங்கலாக எழுப்பினார்.

“ஒரே ஆளு போதும்னு சொன்னேல்ல” என்றார் படிக்கட்டில் நின்று. “ஓட்டு மாப்ளே. பிள்ளைக காத்திருக்குதுக.”

குருவம்மாளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு ஐசக் கடைவாசலில் நின்றார். மேலே ரயில் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் காதுகொடுத்தார். கேட்கவில்லை.